முந்தி விழும் அடி

கல்யாணப் பெண்ணின் சித்தப்பா மேடையேறி வந்தபோது ஏதோ பாட்டுக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். பெரம்பூரில் ஒரு கல்யாண மண்டபம், வரவேற்பு. பந்தி முடித்து வந்த கூட்டம் வாயில் பீடாவோடு ஆடிக்கொண்டிருந்தது. நான் ஒரு காதில் ஹெட்போனை ஒட்டவைத்துக்கொண்டு அடுத்த பாட்டைத் தயார் செய்துகொண்டிருந்தேன். மனுஷன் பாட்டு எதுவும் கேட்கவில்லை. போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். திரையில் சிவப்பாக ஒரு வரி ஓடியது: "இயந்திர வாசிப்பு. சுழலி."

"ஏம்மா, கைவாசிப்புன்னு சொல்லித்தான உன்னை வச்சோம்? மெஷினை ஓடவிட்டுட்டுச் சும்மா கையை ஆட்டிக்கினு நிக்கிறியா?"

"சார், இப்படிப் பின்னாடி வந்து பாருங்க. ரெண்டு பிளேயர், நடுவுல ஒரு மிக்சர். கம்ப்யூட்டர்னு ஒண்ணு இங்க கிடையவே கிடையாது."

"நான் எதுக்குப் பாக்கணும்? அதான் ஆப் சொல்லுதே!"

ஆப் சொல்லிவிட்டது. அதற்கு மேல் கண்ணுக்கு என்ன வேலை? அவர் அங்கே நின்றபடியே என் மேல் புகார் பதிவு செய்தார். நான் மீதிப் பாட்டுகளை வாசித்து முடித்தேன். கூட்டம் ஆடியது. ஆனால் ஆடிக்கொண்டே ஒவ்வொருத்தராகப் போனைத் தூக்கி என் பக்கம் காட்டிப் பார்த்துக்கொண்டார்கள். சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல என்னைத் தட்டிப் பார்த்தார்கள்.

என் பெயர் பிலோமினா. ராயபுரம். மேடையில் டிஜே பிலோ. கல்யாணமாகும் முன்பிருந்தே இதுதான் தொழில், கல்யாணமான பிறகும் இதுதான். நான் வந்த காலத்தில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எல்லாம் கம்ப்யூட்டர் பண்ணுது, நீ பட்டன்தான அமுக்குற?" எங்கள் சர்ச் பங்குச் சாமியார் கேட்டார். மாமியார் கேட்டார். பெண் பார்க்க வந்த இடத்திலேயே என் புருஷன் சேவியரின் பெரியப்பா கேட்டார், "இது சங்கீதமா, இல்ல மிக்ஸி ஓட்டுற மாதிரியா?" ஒரு பாட்டு முடியும் முன்னால் அடுத்த பாட்டை அதன் தாள அடியோடு அடி சேர்த்து உள்ளே கொண்டுவர வேண்டும், கூட்டத்தின் கால் எங்கே தளர்கிறது என்று பார்க்க வேண்டும், எந்தப் பாட்டுக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று தெரிய வேண்டும் என்றெல்லாம் விளக்கிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். "அப்ப பட்டன்தான?" என்றார் பெரியப்பா.

பிறகு நிஜமாகவே கம்ப்யூட்டர் வந்தது. சுழலி. ஆட்டக்கூடத்தின் தரைக்கு அடியில் அதற்குக் காது இருக்கும். யார் கால் களைத்தது, எந்த மூலையில் ஆட்டம் சூடு பிடிக்கிறது என்று கேட்டுக்கொண்டே பாட்டைத் தேர்ந்தெடுக்கும், இணைக்கும், ஏற்றும், இறக்கும். சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கூடங்கள் அதை வாங்கிப் போட்டன. மேடையில் ஆளில்லை, ஒரு நீல விளக்கு மட்டும் எரியும். எங்களில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போனார்கள்.

அதுவும் கொஞ்ச காலம்தான். அப்புறம் ஜனங்களுக்கு அது சலித்துவிட்டது. கைமுறுக்கு, கைத்தறி என்று தேடுவதைப் போலக் கைவாசிப்பு என்று தேட ஆரம்பித்தார்கள். கல்யாணப் பத்திரிகையிலேயே "கைவாசிப்பு" என்று போட்டுக்கொண்டார்கள். உடனே போலிகள் முளைத்தன, போலியைப் பிடிக்க மேடை இசை வாரியம் முளைத்தது, வாரியம் வாசிப்பதை நேரில் பார்த்துக் கைச்சான்று என்று ஒன்றைக் கொடுத்தது, இப்போது புதிதாக எவர் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்க ஒரு ஆப்பும் வந்திருந்தது. ஒரு காலத்தில் எனக்குக் கையே தேவையில்லை என்று சொன்ன அதே ஜனம் இப்போது கைக்குச் சான்று கேட்டது. எரிச்சலாக இருக்காதா? எனக்கு இருந்தது. ஆனாலும் ஆப் வரும் முன்பே சான்று வாங்கி வைத்திருந்தேன், வேறு வழியில்லை. சித்தப்பாவின் புகாரோடு அது முடங்கியது. மறுபரிசோதனையில் தோற்றால் வாரியத்தின் மோசடிப் பட்டியலில் என் பெயரும் போட்டோவும் வரும். அதைப் பார்க்கிற எந்த மண்டபமும் அதற்கப்புறம் என்னை உள்ளே விடாது.

"பட்டியல்ல பேரு வந்தா வரட்டுமே," என்றான் சேவியர். அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். "நான் முன்னாடி கிரேன் மேல ஏறி உக்காந்து ஓட்டினேன். இப்ப ஏசி ரூம்ல டிவியப் பாத்துக்கினு ஓட்டுறேன். பொட்டி எறங்குது. என் கைக்கு எவன் சர்டிபிகேட் கேட்டான்?"

"பொட்டிக்கு யார் எறக்கினான்னு கவலை இல்ல. ஆடுறவனுக்கு இருக்கு."

"ஆடுறவனுக்கு இருக்கா, உனக்கு இருக்கா?"

"எனக்குத்தான்!" என்று கத்தினேன். "இத்தினி வருஷம் வாசிச்சது என் கை. அத ஏமாத்து வேலைன்னு எவனோ சொல்வான், நான் கேட்டுக்கினு போவணுமா?"

அவன் அதற்கப்புறம் கிண்டல் பண்ணவில்லை. என் ஹெட்போன் வயரை எடுத்து நிதானமாகச் சுருட்டிப் பையில் வைத்தான்.

வாரிய அலுவலகம் நுங்கம்பாக்கத்தில். சோதிக்கிற அதிகாரி ஒரு சின்னப் பெண், நப்பின்னை என்று பெயர். ஒலியை அலசுவதில் படித்துப் பட்டம் வாங்கியவள். நெற்றியில் விபூதிக் கீற்று, கண்டிப்பான முகம். கண்ணாடி அறை ஒன்றில் அவர்களுடைய பிளேயர், அவர்களுடைய மிக்சர், அவர்களே கொடுத்த பாட்டுகள். என்னுடைய பொருள் ஹெட்போன் மட்டும், அதையும் ஸ்கேன் பண்ணித்தான் உள்ளே விட்டார்கள். வாசித்தேன். கோபத்தில் வாசித்தேனா என்னவோ, அன்றைக்கு வாசித்த மாதிரி நான் வாசித்து ரொம்ப நாளாகியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நப்பின்னையின் முகம் அசையவில்லை. ஆனால் மேசைக்குக் கீழே அவள் செருப்பு தாளம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

முடிந்ததும் திரையைத் திருப்பிக் காட்டினாள். சிவப்பு.

"நீயே பாத்தியேம்மா," என்றேன். மேடம் என்று சொல்ல வேண்டும் என்பதுகூட மறந்துவிட்டது. "உன் கண்ணு முன்னாடி வாசிச்சேனே!"

"பார்த்தேன் மேடம். நீங்கதான் வாசிச்சீங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை."

"அப்ப கையெழுத்துப் போட்டுக் குடு."

"நான் போட்டுக் குடுத்துடலாம். நாளைக்கு நீங்க வாசிக்கிற ஒவ்வொரு மண்டபத்துலயும் யாராவது போனைத் தூக்குவாங்க. ஒவ்வொரு தடவையும் சிவப்பு வரும். அவங்ககிட்ட எல்லாம் என் கண்ணைக் கழட்டிக் காட்ட முடியுமா? இந்தச் சான்றே கேக்கறவங்களோட காதுக்காகத்தான், பாக்கறவங்களோட கண்ணுக்காக இல்லை."

"எத வச்சு என்னை மெஷின்னு சொல்லுது அது?"

நப்பின்னை கொஞ்சம் தயங்கினாள். பிறகு நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டாள். திரையில் இரண்டு வரிசை கோடுகள். மேலே இருப்பது ஓடிக்கொண்டிருக்கிற பாட்டின் அடிகள், கீழே இருப்பது புதிதாக உள்ளே வருகிற பாட்டின் அடிகள்.

"இங்க பாருங்க. சேர்ற இடத்துல புதுப்பாட்டோட முதல் அடி ஒரு துளி முந்தி விழுது. உடனே அதை இழுத்துப் பிடிச்சு நேராக்குறீங்க. மனுஷங்க வாசிச்சா சில இடத்துல முந்தும், சில இடத்துல பிந்தும், கலந்து கட்டித்தான் இருக்கும். எல்லா இணைப்புலயும் இதே அளவு முந்துறது சுழலி மட்டும்தான். கேக்கறவங்களை முன்னால தள்ளுற மாதிரி இருக்கும், கால் தன்னால எழும்பும். சுழலி தானாவே கண்டுபிடிச்ச உத்தி இதுன்னு கம்பெனிக்காரங்க எழுதியிருக்காங்க."

"கண்டுபிடிச்சுதா?" என்றேன். "அடப்பாவிங்களா!"

நப்பின்னை பயந்துபோனாள். அந்தக் கோடுகளை நான் அதற்கு முன் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அது என்ன என்று எனக்குத் தெரியும். என் விரல் அது.

அவளுக்குச் சொன்னேன். காசிமேட்டில் அந்தோணி சவுண்ட் சர்வீஸ் என்று ஒரு கடை. நான் தொழில் பழகியது அங்கே வாடகைக்கு விட்டிருந்த ஒரு பழைய ஜோடி பிளேயரில். கடல் காற்றில் துருப்பிடித்த சாமான். இடது பக்கத்துப் பிளேயரில் பட்டனை அமுக்கினால் உடனே பாட்டு கிளம்பாது, ஒரு விக்கலுக்குப் பிறகுதான் கிளம்பும். மற்றவர்கள் அந்தோணியைத் திட்டிவிட்டு வேறு கடைக்குப் போனார்கள். எனக்கு வேறு கடை கிடையாது, பொம்பளைப் பிள்ளைக்கு அவர் ஒருத்தர்தான் செட்டைத் தொடவே விட்டார். அதனால் விக்கலைக் கணக்குப் பண்ணி முன்னாடியே அமுக்கப் பழகினேன். அப்புறம் நல்ல பிளேயர்கள் வந்தன. விரல் மாறவில்லை. எந்தப் பிளேயரானாலும் முந்தி அமுக்கும். பாட்டு ஒரு துளி முந்தி வந்து விழும், நான் பிளேயரின் சுழல்தட்டு விளிம்பில் விரல் வைத்து அதை இழுத்துப் பிடிப்பேன். அந்த இடைவெளியில் கூட்டம் முன்னால் சாயும். "பிலோ வாசிச்சா சும்மா நிக்க முடியாதுப்பா" என்று சொல்வார்கள். தப்பாகத் தொடங்கியது, என் அடையாளமாகவே ஆகிவிட்டது.

"மெஷினுக்கு எந்தப் பிளேயர் ரிப்பேரு? அது எதுக்கும்மா முந்தணும்?" என்று கேட்டேன்.

நப்பின்னை அந்தக் கோடுகளை இன்னொரு தடவை பெரிதாக்கினாள். திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்க பழைய வாசிப்பு எங்கேயாவது பதிவாகி இருக்கா மேடம்?" என்றாள் கடைசியில்.

ஒரே ஒரு இடத்தில்தான் இருந்திருக்க முடியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பவளம் என்ற ஆட்டக்கூடம். வருடக்கணக்காக ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் வாசித்த இடம். முதலாளி ரத்தினவேலு நல்ல மனுஷன், வாசித்து முடித்ததும் சாப்பிட்டாயா என்று கேட்காமல் அனுப்பியதில்லை. மறுநாளே போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"சார், நான் வாசிச்சதையெல்லாம் ரெக்கார்டு பண்ணீங்களா?"

"ஆமாம்மா. சத்தம் அளவுக்கு மேல போகலைன்னு காட்டணும்ல? பக்கத்துல குடியிருக்கிறவங்க சும்மா சும்மா புகார் குடுத்தாங்க. அதுக்காக மேடையிலருந்து நேரா எடுத்து வச்சோம்."

"அதை யாருக்காவது குடுத்தீங்களா?"

அவருக்கு ஒளிக்கத் தெரியவில்லை, ஒளிக்க வேண்டியது எதுவும் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. "சுழலிக்காரப் பசங்க ஆரம்பத்துல வந்து கேட்டாங்க. ஆட்டக்கூடத்துச் சத்தம் எப்படி இருக்கும்னு பாக்கணும்னாங்க. சும்மா கிடந்ததுதானே, எடுத்துக்கிட்டுப் போங்கப்பான்னேன். ஏன் பிலோ?"

"அதுல இருந்தது நான் சார்."

"நீதான். அதுக்கென்ன?"

விளக்கினேன். அவர் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகம் மலர்ந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அட! அப்ப ஊர் முழுக்க உன் கைக்குத்தான் ஆடுதா? எங்கிட்ட இருக்கிற மெஷின்லயும் நீதானா? நானும் யோசிப்பேன், என்னடா இது, கேட்ட மாதிரியே இருக்கேன்னு! சந்தோஷப்படும்மா. யாருக்குக் கிடைக்கும் இது?"

"ஊர்ல எல்லாரும் என் சட்டையப் போட்டுக்கினு சுத்துறான் சார். நான் என் சட்டையப் போட்டா திருடின்னு சொல்றான்."

ரத்தினவேலு எனக்குக் காபி சொன்னார். குடிக்காமல் எழுந்து வந்தேன். அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. அது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

ரத்தினவேலு தன்னிடம் மிச்சமிருந்த பழைய பதிவுகளை வாரியத்துக்கே அனுப்பிவைத்தார். நப்பின்னை அவற்றை அலசிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். எல்லாம் பொருந்தியது. அவள் தன் மேலதிகாரிகளிடம் கொண்டுபோனாள், ஒருத்தர் பாக்கியில்லாமல் நம்பினார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நுங்கம்பாக்கம் போனேன்.

"நீங்க சொல்றது அத்தனையும் உண்மைதான்க்கா," என்றாள் நப்பின்னை. அன்றைக்குத்தான் முதல்முதலாக அக்கா என்றாள். அந்த அன்பிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "உண்மையா இருக்கிறதுதான் பிரச்சினை. உங்க கையும் சுழலியும் ஒண்ணு. உங்க கையை மனுஷக் கைன்னு ஆப்புல சேர்த்தா, ஊர்ல இருக்கிற அத்தனை சுழலியும் மறுநாளே மனுஷக் கை ஆயிடும். எவன் வேணா மெஷினை ஓடவிட்டுட்டு, எனக்கும் பச்சை வருதுன்னு சொல்லுவான். சான்று வாங்கின மத்தவங்க எல்லாரும் என்ன ஆவாங்க?"

"அப்ப நான் என்ன ஆவேன்?"

"கம்பெனி மேல வழக்குப் போடலாம்."

"போட்டா?"

"நீங்க ஜெயிக்கலாம். அப்பவும் ஆப் சிவப்புதான் காட்டும்."

அவள் திரையை அணைத்தாள். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். "ஒரு வழி இருக்கு. சொல்லவே கூச்சமா இருக்கு. நீங்க முந்தாம வாசிச்சா போதும். அங்கங்க கொஞ்சம் பிந்தினாலும் நல்லது."

"தப்பா வாசிக்கச் சொல்றியா?"

"வேற மாதிரி வாசிக்கச் சொல்றேங்க்கா."

மோசடிப் பட்டியலில் என் முகம். அதுதான் கண் முன்னால் நின்றது. அதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன். வேறு காரணம் சொல்லிக்கொள்ள விரும்பவில்லை.

விரலை மாற்றுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. நடக்கத் தெரிந்தவளைத் திடீரென்று காலை மாற்றி வைத்து நட என்றால் எப்படி இருக்கும்? சேவியர் ஷிப்ட் முடிந்து வந்ததும் எதிரில் உட்கார்ந்து கையைத் தட்டுவான், அவன் தட்டும்போதுதான் நான் பட்டனைத் தொட வேண்டும். தொட மாட்டேன், அதற்கு முன்பே விரல் போயிருக்கும். விரலில் பிளாஸ்திரி சுற்றிப் பார்த்தேன். இடது கையால் வாசித்துப் பார்த்தேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் குருட்டாம்போக்கில் வாசித்துப் பார்த்தேன். புதுப்பாட்டு எதுவும் தேடவில்லை, புது இணைப்பு எதுவும் யோசிக்கவில்லை. மாதக்கணக்காக ஒரே வேலை, என் கையை என் கையிடமிருந்து பிடுங்குவது. ஒருநாள் சாயங்காலம் சேவியரின் கைத்தட்டும் என் விரலும் ஒன்றாக விழுந்தன. அவன் சிரித்தான். எனக்கு ஏனோ வீட்டில் யாரோ போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

சோதனையில் பச்சை வந்தது. நப்பின்னை சான்றை நீட்டிக்கொண்டே, "வாழ்த்துகள்க்கா" என்றாள், மேசையைப் பார்த்தபடி. அவள் செருப்பு அன்றைக்கு அசையவில்லை.

வில்லிவாக்கத்தில் முதல் வரவேற்பு. சான்றைப் பெரிதாக அச்சடித்து மேடையில் வைத்திருந்தார்கள். வாசித்தேன், அடிக்கு அடி நேராக. என்ன நடந்தது தெரியுமா? கூட்டம் தடுமாறியது. சுழலியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பாட்டு மாறும் இடம் வந்தால் கால் தானாகவே ஒரு துளி முந்தி இறங்குகிறது, அங்கே என் அடி இல்லை. ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். நான் பயந்துவிட்டேன். அவர்களோ கைதட்டினார்கள்!

"பாரு, பாரு, சறுக்குது பாரு! அசல் மனுஷக் கைடா!"

பெரியவர் ஒருவர் மேடைக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். "இதுலதாம்மா உயிர் இருக்கு. மெஷின்ல என்ன இருக்கு? வெறும் கணக்கு" என்றார். நல்லவர், மனதாரச் சொன்னார். நான் கும்பிட்டேன். வாயைத் திறந்திருந்தால் அசிங்கமாக ஏதாவது சொல்லியிருப்பேன். அந்தத் தடுமாற்றம் என்னுடையது இல்லை ஐயா, கஷ்டப்பட்டுப் பழகியது. நீங்கள் வெறும் கணக்கு என்கிறீர்களே, அதுதான் நான்.

அப்படியே ஒரு பருவம் ஓடியது. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கூப்பிட்டார்கள். எங்கே போனாலும் பச்சை, எங்கே போனாலும் பாராட்டு. வீட்டில் நான் பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டேன்.

ஆடி மாதம் வந்தது, கல்யாணம் எதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சேவியரிடம் மீன் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனேன். பவளத்தில் மற்றவர்களோடு வரிசையில் நின்று உள்ளே போனேன். ரத்தினவேலு இல்லை, நல்லதாகப் போயிற்று. நான் ஒரு காலத்தில் நின்று வாசித்த மேடையில் நீல விளக்கு மட்டும் எரிந்தது. கூட்டம் கீழே ஆடிக்கொண்டிருந்தது. முதலில் சுவரோரம் நின்று கேட்டேன், குற்றம் கண்டுபிடிக்கத்தான் போயிருந்தேன் என்று நினைக்கிறேன். ஒரு பாட்டு முடியப் போகிறது, அடுத்தது உள்ளே வருகிறது, முந்தி விழுகிறது. என் கால் எழுந்துவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். நான் என் வாசிப்புக்கு ஒருநாளும் ஆடியதில்லை. எந்த டிஜேயும் ஆட முடியாது. ஒரு காதில் இந்தப் பாட்டு, ஒரு காதில் அடுத்த பாட்டு, கண் கூட்டத்தின் மேல். ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டவள் பந்தியில் உட்காராத கதைதான். அன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். ஐம்பதை நெருங்குகிறவள், முழங்கால் வலிக்காரி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இருபது வயசுப் பிள்ளைகளின் நடுவில் ஆடினேன். நன்றாக இருந்தது. பாவி, அவ்வளவு நன்றாக இருந்தது! இப்படித்தானா இருந்தது என் கை? இதைத்தானா இவர்களிடமிருந்து எடுத்துவிட்டு, அந்தத் தடுமாற்றத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்?

அப்போது அது ஒன்று செய்தது. ஓடிக்கொண்டிருந்த பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவியது. பாடும் குரல் போனது, அடியில் அதிரும் பாஸ் போனது, கடைசியில் டிரம்மும் போனது. கூடத்தில் எங்கள் காலடிச் சத்தம் மட்டும் மிஞ்சியது. தரைக்கு அடியில் இருக்கிற காதால் அதைப் பிடித்து ஸ்பீக்கரில் விட்டது, எங்கள் காலே எங்களுக்குப் பாட்டாக வந்தது. அடுத்த பாட்டை அந்தக் காலடியின் கீழே, ஒரு துளி முந்தி, பதமாகக் கொண்டுவந்து வைத்தது. கூடம் ஓவென்று கத்தியது.

நான் அப்படி ஒருநாளும் வாசித்ததில்லை. ரத்தினவேலு கொடுத்த எந்தப் பதிவிலும் அது இருக்க முடியாது. ஆனால் பாதி வரும்போதே அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாசித்துக்கொண்டே இருந்திருந்தால் நான் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடம் அது. விரலுக்குப் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதங்களில் அது எனக்குப் பதிலாக அங்கே போயிருந்தது. நின்றுவிட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை.

பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த பெண் என் தோளைத் தொட்டாள். மூக்குத்தி, முழுக்க வியர்வை. "என்ன ஆன்ட்டி, மெஷினைக் கேட்டா அழறீங்க?"

"இல்ல கண்ணு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி வாசிக்கிறா."

அவள் மேடையைப் பார்த்தாள். "அங்க யாருமே இல்லையே ஆன்ட்டி."

"ஆமா," என்றேன். "அவ எழுந்து போய் ரொம்ப நாளாச்சு."

அவளுக்குப் புரியவில்லை. தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு ஆடப் போய்விட்டாள். நான் அது நிற்கும் வரை இருந்து கேட்டுவிட்டு வந்தேன். மீன் இல்லாமல் வந்ததற்குச் சேவியர் எதுவும் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு ரசம் வைக்கப் போனான். வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். "அப்ப சான்றுக்கு வாசிக்கப் போறியா, உனக்கு வாசிக்கப் போறியா?" என்று மட்டும் கேட்டான்.

திங்கட்கிழமை காலையில் வாரியத்துக்குப் போன் செய்தேன். நப்பின்னைதான் எடுத்தாள்.

"சான்றைத் திருப்பிக் குடுக்கணும்மா."

"ஏங்க்கா? எல்லா இடத்துலயும் உங்களுக்குப் பச்சைதானே வருது?"

"அதுக்காகத்தான்."

"யோசிச்சுச் சொல்லுங்கக்கா. உங்க பேரைப் போட்டு எந்த மேடையிலும் ஏற முடியாது. பழைய மாதிரி வாசிச்சா மெஷின்னுதான் சொல்லுவாங்க."

"சொல்லட்டும். இனிமே நான் எப்படி வாசிக்கணுமோ அப்படித்தான் வாசிப்பேன். என் வீட்டு மாடியில வாசிக்கிறேன், தெருவுல வாசிக்கிறேன், எவன் மெஷின்னு சொன்னாலும் ஆமாடான்னுட்டுப் போறேன்."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. "திருப்பிக் குடுத்தா காரணம் போட்டாகணும்க்கா. அதைப் போடாம மேல நகர மாட்டேங்குது. ஓய்வு, உடல்நிலை, வெளியூர், இப்படி எதையாவது போட்டுக்கறேன்."

"வேற என்ன இருக்கு அதுல?"

அவள் தயங்கினாள். "கடைசியில மோசடின்னு ஒண்ணு இருக்கு. பொய்யா வாசிச்சு வாங்கினவங்களுக்கு."

"அதைப் போடு."

"அக்கா! அதைப் போட்டா பட்டியல்ல உங்க போட்டோ வந்துடும்."

"வரட்டும்மா," என்றேன். "நல்லதாப் பாத்துப் போடு."